பட்டியலில் இல்லாத இரண்டு துளைகள்

24 ஒக்., வெள்ளி

இரவு 11.40. மழை. வெளியே 6 பாகை.

இவ்வளவு நேரம் பிந்தி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். அபி இப்போதுதான் உறங்கினாள். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்தப் பக்கத்தை வாசிக்க ஒருவரும் இல்லை. பழக்கதோஷம்.

இந்தக் கொப்பி வள்ளத்து மேசை லாச்சிக்குள் கிடந்தது. பழைய சொந்தக்காரர் விட்டுப் போனது. அபியின் அப்பா, ரமணன், எடுத்துத் தந்தார். "செய்யிற வேலையை இதில எழுதி வையும். மாசி பங்குனியில திரும்பத் திறக்கேக்க என்ன செய்தம் எண்டு ரெண்டு பேருக்கும் மறந்திடும்." ஆகவே வேலை முன்பக்கத்திலிருந்து. மற்றதெல்லாம், அதாவது இது, கொப்பியைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து.

இன்று வள்ளத்தை ஏரியிலிருந்து கால்வாய்க்குக் கொண்டுவந்தோம். ஞாயிறு முதல் வடகிழக்குக் காற்று, இங்கே பீஸ் என்பார்கள், அடிக்கப் போகிறதாம். ஏரியில் விட்டால் கரையோடு மோதும். பீல் ஏரிக்கும் நொயென்பேர்க் ஏரிக்கும் நடுவில் ஓடும் கால்வாய் அவ்வளவு ஆழமில்லை, மரங்கள் காற்றை மறிக்கின்றன. பங்குனி வரைக்கும் இங்கேதான்.

ர. சுக்கானில். நான் கயிற்றில். அபி செம்மஞ்சள் மிதவைச் சட்டையோடு, என் இடுப்புப் பட்டியில் ஒரு கயிற்றால் கட்டப்பட்டு. ஒரு வயது எட்டு மாதம். வாத்தைக் கண்டால் வள்ளத்தை விட்டு இறங்கிப் போய்விடலாம் என்று நினைக்கும் வயது.

துறைப் பொறுப்பாளர் இடம் காட்டினார். கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டாம், குளிர்காலத்தில் தண்ணீர் மட்டம் இறங்கும் என்றார். தலையாட்டினேன். அவர் போனதும் இறுக்கிக் கட்டினேன். ர. பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாடே கட்டுறீர்? அது எங்கையும் ஓடாது." கொஞ்சம் தளர்த்தினேன். அவர் எஞ்சினைப் பார்க்கக் குனிந்ததும் பழையபடி.

ர. 5 மணி ரயிலில் இன்டர்லாக்கன் போய்விட்டார். ஹோட்டல் சமையலறை. இனி அடுத்த வியாழன்தான் லீவு. 1ஆம் திகதி துறையில் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், அதற்குள் கழுவித் துடைத்து மூடிவிட வேண்டும். சப்பாத்துக் கட்டிக்கொண்டே சொன்னார், எழுதினேன்:

1. தண்ணீர்த் தொட்டி வெறுமை. குழாய்கள் திறந்தபடி.
2. உறையாமல் காக்கும் நீலத் திரவம். கழிவறைக்கும்.
3. குளிர்ப்பெட்டி துடைத்து, கதவு திறந்தபடி.
4. மெத்தை நிமிர்த்தி.
5. சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் விடாமல். எலி.
6. பற்றரி எல்லாம் கழற்றி வீட்டுக்கு. ஊறி வழியும்.
7. கயிறு பார்க்க.

ஏழு மணிக்கு ஆராவிலிருந்து மாமியின் தொலைபேசி. "வீடு இருக்க, அந்த வள்ளத்துக்கை என்னத்தைப் பிள்ளை வைச்சிருக்கிறியள்? குளிருக்குள்ள குழந்தையை இழுத்துக்கொண்டு திரியாத. குளிர் முடியும்வரைக்கும் என்னட்ட விடு. நீயும் நிம்மதியா டொச் பாசை படிக்கலாம்." நல்ல மனதோடுதான் சொல்கிறா. அதுதான் பயம். ர. தாயின் சொல்லை இரண்டு தடவை மறுப்பார், மூன்றாவது தடவை யோசிப்பார். இது இரண்டாவது.

பார்த்துக்கொள்வேன் மாமி என்றேன். ஆகவே அபியையும் கூட்டிக்கொண்டுதான் வேலை.

கந்தசஷ்டி மூன்றாம் நாள். பின்னேரம் ஒரு நேரம் பாலும் பழமும். பிள்ளைக்காகப் பிடிக்கிற விரதம். ர. கேட்டார், முருகன் வள்ளத்துக்கும் வருவாரோ, இல்லை வீட்டோடு மட்டுமோ என்று.

25 ஒக்., சனி

இரவு 11 தாண்டிவிட்டது. வானம் மப்பு. மழை இல்லை.

பீலில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் கால் மணித்தியாலம், பிறகு தள்ளுவண்டியோடு இருபது நிமிட நடை. பை: நீலத் திரவம், துணிகள், அபியின் சோறு, இரண்டு மாற்றுடுப்பு, மருந்து, வெப்பமானி, இன்னொரு மாற்றுடுப்பு. ர. பார்த்தால் கப்பலில் அகதியாகப் போகிறீரோ என்பார்.

1, 2, 3 முடிந்தது. நீலத் திரவப் போத்தலை அபி எட்டாத இடத்தில் வைத்தேன். பிறகு அங்கிருந்தும் எடுத்து வெளியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு பூட்டியதைப் போய்ப் பார்த்தேன்.

6ம் முடிந்தது. ரோச் லைற்றில் 4, றேடியோவில் 4, சுவர் மணிக்கூட்டில் 1, கூரையில் இருந்த வெள்ளை வட்டப் பெட்டியில் 2. அதற்குக் கதிரையில் ஏற வேண்டியிருந்தது. நெருப்புக்குக் கத்துகிற சாமான் போலிருக்கிறது. ஆளில்லாத வள்ளத்தில் ஆருக்குக் கத்தப் போகிறது. எல்லாம் ஒரு உறையில் போட்டு ஒட்டி மேலே 11 என்று எழுதினேன். பரீட்சை எழுதி முடித்தது போல ஒரு சந்தோசம்.

பக்கத்து வள்ளத்துப் பெண் றூத். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவ. வீடு ஊருக்குள், ஆனால் பகல் முழுக்க வள்ளத்தில்தான் எதையாவது உரஞ்சித் தேய்த்துக்கொண்டு நிற்கிறா. அபிக்கு அப்பிள் தந்தா. எனக்குக் கேக். விரதம் என்று விளங்கப்படுத்தினேன். என் டொச்சில் அது ஏதோ சத்திரசிகிச்சைக்கு முந்திய பட்டினி போல வந்திருக்க வேண்டும், இரக்கத்தோடு பார்த்தா. கேக்கைக் கடதாசியில் சுற்றித் தந்தா, "முடிந்த பிறகு."

ர. பத்து மணிக்கு எடுத்தார். பின்னால் சட்டி பானைச் சத்தம். "எல்லாம் சரியோ?" எல்லாம் சரி. "அபி?" படுத்திட்டா. அவ்வளவுதான். எங்கள் தொலைபேசிக் கதை இப்போது இதுதான், இரண்டு சொல்.

வள்ளத்தை ஏன் வாங்கினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். முகாமில் தந்த கட்டிலில் படுத்தேன், தந்த வேலையைச் செய்தேன், கிடைத்த வீட்டில் இருந்தேன், இந்த நாட்டில் நானாக ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்றார். அதற்குப் பிறகு நான் வள்ளத்தைப் பற்றிக் குறை சொல்வதில்லை. பயப்படுவதோடு சரி.

26 ஒக்., ஞாயிறு

கடிகாரம் ஒரு மணி பின்னால். அபிக்கு அது தெரியாது. விடிய ஐந்துக்கு எழும்பி விளையாட்டு. நான் இப்போது பத்தரைக்கே கண் செருகுகிறேன். ஐந்தாம் நாள்.

பீஸ் தொடங்கிவிட்டது. கால்வாயிலும் நல்ல குளிர், 4 பாகை. 4, 5 செய்தேன்.

உள்ளே எங்கிருந்தோ காற்று வருகிறது என்று நேற்றே நினைத்தேன். இன்று தேடிப் பிடித்தேன். கதவுக்குக் கீழே உள்ளங்கை அளவு பித்தளை வட்டம், நீளநீளமாக வெட்டுகள். கூரையில் இன்னொன்று, காளான் குடை போல. கீழதால் வருகிற காற்று நேரே அபி படுக்கும் இடத்துக்கு. கையை வைத்துப் பார்த்தேன், கத்தி போல. ர. எப்போதும் மேல்மூடியையும் ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் வைப்பார். மறதி என்று நினைத்து ஒவ்வொரு முறையும் நான் மூடிவிடுவேன்.

கீழதை அடைக்க என் சாம்பல் துவாய். மேலதற்கு அபிக்குச் சின்னதாகிப் போன கம்பளிக் காலுறை மூன்று. மேலே நாடா ஒட்டினேன். காஸ் ஹீற்றரைப் போட்டதும் பத்து நிமிடத்தில் வள்ளம் அடுப்படி போலச் சூடு. பழைய சொந்தக்காரர் எத்தனை குளிர்காலம் விறைத்திருப்பார், இதைச் செய்யத் தோன்றவில்லையே.

அரை மணித்தியாலம்தான் இருந்தோம். அபி நித்திரை கொள்ளவில்லை.

மாமி எடுத்தா. காது மூடித் தொப்பி போட்டாயோ. போட்டேன். நெஞ்சுக்குக் காற்றுப் படாமல் பார். பார்க்கிறேன். இந்த முறை உண்மையாகவே எனக்கு ஒரு பெருமை இருந்தது.

நாளை வள்ளத்தின் அடித்தட்டு அலுமாரிகளைத் துடைத்தால் எல்லாம் முடிந்துவிடும். ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்து குளித்து விளக்கேற்ற வேண்டும். சூரன்போர், விரதத்தின் கடைசி நாள்.

27 ஒக்., திங்கள்

ஆஸ்பத்திரி. மணி தெரியவில்லை.

அபி உறங்குகிறாள். மூச்சு எண்ணினேன். நிமிடத்துக்கு 26. திரும்ப எண்ணினேன். 26.

ர. எடுத்தபோது அபிக்குத் தடிமன், மூக்கடைப்பு என்று சொன்னேன்.

28 ஒக்., செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மத்தியானம் விட்டார்கள். வெயில், குளிர். அபி வந்ததும் செருப்பு அலுமாரியைக் கவிழ்த்துப் போட்டாள். எல்லாச் செருப்பையும் எடுக்கட்டும்.

இப்போது இரவு 12. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன்.

திங்கள் ஒரு மணிக்கு வள்ளத்துக்குப் போனோம். 2 பாகை. ஹீற்றரை முழுசாகப் போட்டேன். அபி பருப்பும் சோறும் சாப்பிட்டாள். ஒன்றரைக்குப் படுத்தாள். போர்வை இரண்டு.

நான் அலுமாரி துடைத்தேன். இரண்டு மணி அளவில் தலையிடி. ஆறாம் நாள், காலையிலிருந்து தண்ணீர்கூட இல்லை, தலையிடிக்கும்தானே. கால் துவண்டது. இருந்து துடைத்தேன். வயிற்றைப் பிரட்டியது. விரதம் என்றே நினைத்தேன். பின்னேரம் வரை தாங்கினால் போதும் என்று முருகனிடம் கேட்டேன். அந்த ஆறு நாளில் நான் மனதாரக் கேட்டது அது ஒன்றுதான்.

அபி அசையாமல் உறங்கினாள். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு. சூடு பிடித்துவிட்டது, குளிரவில்லை என்று சந்தோசப்பட்டேன். படம் எடுத்தேன். 2.41. ர.க்கு அனுப்பினேன், "பாருங்கோ உங்கட மகளை." அவர் ஒரு இதயம் அனுப்பினார்.

பிறகு தட்டுகிற சத்தம். தூரத்தில் யாரோ பலகை அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். எழும்பிக் கதவைத் திறந்தேன் என்றும் நினைத்தேன். எழும்பவில்லை. கதவைத் திறந்தது றூத்.

எங்கள் முன்கயிறு இறுகி நிற்கிறது என்று சொல்ல வந்தவ. ஜன்னல்கள் எல்லாம் வெள்ளையாகி உள்பக்கம் நீர் வழிந்ததைப் பார்த்திருக்கிறா. ஹீற்றரை நிறுத்தினா. அபியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே போனா. நான் கைகளை ஊன்றித்தான் படி ஏறினேன். துறைப் பலகையில், அந்தப் பீஸ் காற்றில், தொப்பி இல்லாமல், என் பிள்ளை. இவ்வளவு நாளும் எந்தக் காற்றுப் படக்கூடாது என்று பார்த்தேனோ அந்தக் காற்றில் றூத் அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறா. அபி கண் திறக்கவில்லை. தலை நிற்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. றூத் இரண்டு நிமிடம் என்கிறா.

பிறகு சத்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அப்படி ஒரு அழுகை. நான் கேட்ட சத்தங்களில் அதைவிட நல்லது ஒன்றில்லை.

அம்புலன்ஸ் வரும்வரைக்கும் றூத் ஒருமுறை உள்ளே போய் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வந்தா. வெளியே வரும்போது கையில் அந்த வெள்ளை வட்டப் பெட்டி. பின்பக்கத்தைத் திறந்தா. பற்றரி இருக்க வேண்டிய இரண்டு குழியையும் பார்த்தா. மூடினா.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் முகமூடி. அபி பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள், அதைப் பார்த்து வைத்தியர் சிரித்தார், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இளம் பெண் வைத்தியர். நல்ல காலம், நேரத்தோடு எடுத்துவிட்டார்கள், பிள்ளைக்குப் பாதிப்பு ஒன்றும் நிற்காது என்றார். ஒரு இரவு பார்ப்போம். தாதி இனிப்புத் தேநீர் தந்தா, குடித்தேன். சூரன்போர் முடியுமுன் விரதம் முறிந்தது. அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை.

இது என்ன வாயு என்று விளங்குகிறதா என்று வைத்தியர் மெதுவாக, எளிய டொச்சில் கேட்டார். நான் இரசாயனவியல் பட்டதாரி என்றேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு எழுதினார்.

காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட இலகுவாக ஈமோகுளோபினோடு சேரும். மூடிய அறையில் போதிய காற்றில்லாமல் எரிந்தால் உண்டாகும். தோல் சிவக்கலாம். யாழ்ப்பாணத்தில் மண்டபத்தில் இருந்து இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஐந்து புள்ளிக்கு ஐந்து.

பிள்ளையின் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஓம் என்றேன்.

பட்டியலில் துளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. பற்றரி எல்லாம் என்றுதான் இருந்தது. மாமி காற்றுப் படாமல் பார் என்றுதான் சொன்னா. இரவு முழுக்க இந்த மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. ர. துளையைச் சொல்லாதது, யாரும் அதை அடைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றாததால். மாமி அந்தத் துளைகளைக் கண்டதில்லை. நான் கண்டேன், கையை வைத்துப் பார்த்தேன், எதற்கு என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. பயம் யோசிக்க விடாது என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். பயப்படும்போது நான் கவனமாக இருக்கிறேன் என்றுதானே நினைத்தேன்.

பத்து மணிக்கு ர. "தடிமன் எப்பிடி?" பரவாயில்லை.

29 ஒக்., புதன்

காற்று விட்டுவிட்டது. வெயில்.

வள்ளத்துக்குப் போனேன். போகாவிட்டால் இனி ஒருநாளும் போகமாட்டேன் என்று தெரிந்தது. அபி துறைப் பலகையில் றூத்தின் மடியில். உள்ளே போகும்போது கதவுக்குக் கல் வைத்தேன்.

துவாயை றூத் மடித்து மேசையில் வைத்திருந்தா. காலுறை மூன்றும் பக்கத்தில். பையில் போட்டேன். இரண்டு துளையிலும் கையை வைத்தேன். காற்று வருகிறது.

உறையைக் கிழித்து வெள்ளைப் பெட்டிக்கு இரண்டு பற்றரியையும் போட்டேன். பொத்தானை அமத்தினேன். வள்ளமே அதிரக் கத்தியது. வெளியே அபி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பிறகு "இன்னும்" என்றாள். இன்னொருமுறை அமத்தினேன்.

முன்பக்கம் பட்டியலின் கீழ் எழுதியது: 8. துளை இரண்டும் எப்போதும் திறந்தபடி. 9. காபனோரொட்சைட்டுக்குக் கத்துகிற கூரைப் பெட்டியின் பற்றரி கழற்றக்கூடாது.

பிறகு 7. தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. முன்கயிறு தடி மாதிரி விறைத்து நின்றது, வள்ளத்தின் மூக்கு லேசாகத் தூக்கி. என் முடிச்சை என்னாலேயே அவிழ்க்க முடியவில்லை. றூத் ஒரு இரும்பு ஊசி கொண்டுவந்து நெம்பினா. வள்ளம் பொத்தென்று இறங்கி ஒருமுறை ஆடியது. ஒரு முழம் விட்டுக் கட்டினேன்.

உன் கணவர் என்ன சொன்னார் என்று றூத் கேட்டா. மிஞ்சிய கயிற்றைச் சுற்றி வைத்தேன். றூத் அபிக்கு ஒரு வாத்தைக் காட்டினா. பிறகு சொன்னா, துறைக்கு அம்புலன்ஸ் வந்தால் பொறுப்பாளர் எழுதி வைக்க வேண்டும், மாத முடிவில் வள்ளச் சொந்தக்காரருக்கு ஒரு தொலைபேசி எடுப்பார். "உன் கணவர் அதை அந்த மனிதரிடமிருந்து கேட்கக்கூடாது."

மாத முடிவு வெள்ளிக்கிழமை.

இரவு ர. எடுத்தார். இன்றைக்குச் சொல்வதென்று, முதல் வசனத்தைக்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர்தான் முதலில் கதைத்தார். நாளைக்கு லீவு இல்லையாம், ஹோட்டலில் பெரிய கலியாணம், அடுத்த கிழமைதான் வரலாம். பிறகு குரல் இளகியது. "அந்தப் படத்தைத்தான் போனில முன்னுக்குப் போட்டிருக்கிறன். எங்கட ஹோட்டல் குமார் அண்ணை வீட்டுக்கு வெளிக்கிடேக்க பாத்திட்டுச் சொல்லுறார், தேப்பன் மாதிரியே வாயைத் திறந்துகொண்டு படுக்கிறாளாம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அம்மா திரும்பவும் எடுத்தவ," என்றார். "பங்குனி வரைக்கும் அபியை ஆராவில விடுவமோ எண்டு கேக்கிறா. நீர் என்ன சொல்லுறீர்?"

மூன்றாவது தடவை.

பிறகு கதைப்பம் என்றேன். எல்லாம் சரியோ என்றார். எல்லாம் சரி என்றேன்.

இனி இது உங்களுக்கு.

குமார் அண்ணை இன்றிரவு பீலில் தன் வீட்டில் நிற்கிறார். விடிய முதல் ரயிலில் திரும்ப இன்டர்லாக்கன் வருகிறார். எங்கள் வாசலில் வந்து உங்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். பெட்டியோடு இந்தக் கொப்பி வரும். முன்பக்கப் பட்டியலின் அடியில், "கொப்பியைத் திருப்பிப் பிடித்து வாசியுங்கோ" என்று எழுதிவிட்டேன். ஒரு பக்கமும் கிழிக்கவில்லை. நீங்கள் சிரிக்கக்கூடிய இடங்களையும் விட்டிருக்கிறேன்.

அபி நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். வரும் திங்கட்கிழமை வைத்தியர் திரும்பப் பார்க்கிறார், கடிதம் இரண்டு பேர் பெயருக்கும் வந்திருக்கிறது.

அந்தப் படத்தைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் அவள் நித்திரை கொள்ளவில்லை.

வள்ளத்தை விற்க வேண்டாம். அது ஒரு பிழையும் செய்யவில்லை. மாமியிடம் அபியை விடத்தான் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், உடுப்பு நானே அடுக்குகிறேன், மறுக்க எனக்கு வாய் இல்லை. விட வேண்டாம் என்று நினைத்தால் அதையும் எழுதுங்கள். ஏசுவதென்றால் ஏசி எழுதுங்கள். தொலைபேசியில் வேண்டாம், நான் எல்லாம் சரி என்று சொல்லிவிடுவேன்.

இதற்குக் கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். குமார் அண்ணை சனி பின்னேரம் திரும்பி வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுங்கள். துறைக்காரர் எடுக்குமுன் நீங்கள் இதை வாசித்து முடித்திருக்க வேண்டும்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.